லெசியெலி வீட்டில் மூன்றாவது பொட்டலம்

எங்கள் தீவில், லோட்டோமேய் ஊரில், ஒருவர் மெலிந்து போனால் அது அவருடைய சொந்த விஷயமாக இருக்காது. வீட்டில் சாப்பாடு போடுவதில்லையா, மருமகளுக்குச் சமைக்கத் தெரியாதா என்று தெரு முழுக்க விசாரணை நடக்கும். அதனால் லெசியெலி மதினி நூற்று நாற்பத்தாறு கிலோ இருந்ததைப் பற்றி யாருக்கும் புகார் கிடையாது. அவள் சர்ச்சுக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் தாங்களாகவே நகர்ந்து கொள்வார்கள். பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரல் அவள்தான். ஆண்கள் பக்கம் ஆள் குறைந்தால் அங்கேயும் அவளே பாடிவிடுவாள். கல்யாணத்தில் மணப்பெண் ஆடும்போது பக்கத்தில் நின்று கோமாளி ஆட்டம் ஆட அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

புண் வந்தது அவளுடைய இடது பாதத்தில். சர்க்கரை. நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் பார்ப்போம். சர்க்கரை இறங்கலைன்னா முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும்" என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது வேனில் நான் அழுதேன். லெசியெலி அழவில்லை.

"எடுத்த காலை என்ன பண்ணுவாங்கன்னு கேட்டியாடி ஹேய்லா?"

"கேக்கலையே மதினி."

"கேட்டிருக்கணும். எப்படியும் பத்து கிலோ இருக்கும். ஒரே நாள்ல எடை குறைச்ச முதல் ஆள் நான்தான்னு பேர் வாங்கிடுவேன்."

வேன் டிரைவர் சிரித்தான். லெசியெலியும் சிரித்தாள். எதற்கும் சிரிப்பது அவள் பழக்கம். அந்தச் சிரிப்பை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் புருஷன் மனாசே லெசியெலிக்குச் சித்தப்பா மகன். எங்களிடம் சித்தப்பா மகன், மாமன் மகன், அத்தை மகன் எல்லாருமே உடன்பிறப்புதான். ஒரு பெண் இருக்கிற இடத்தில் அவளுடைய அண்ணன் தம்பிகள் உடம்பு, வயிறு, படுக்கை என்று எதையும் வாய் திறந்து பேசக் கூடாது. அவளோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. அவ்வளவு மரியாதை. வெளியூர்க்காரியான எனக்கு இந்த ஊரில் அண்ணன் தம்பி யாரும் இல்லை. அதனால் யாரிடமும் எதையும் பேசலாம். கடவுள் எனக்குக் கொடுத்த வாய்க்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்காது.

நர்ஸ் அகனேசி வந்து சேர்ந்தது அந்த மாதம்தான். வயது இருபத்தாறு. நியூசிலாந்தில் படித்தவள், நகரத்துப் பெண், குச்சி போல இருப்பாள். அவளைப் பார்த்துப் பாவப்பட்டு முதல் வாரமே பதினோரு வீட்டிலிருந்து சாப்பாடு போயிற்று. சர்க்கரைக்காரர்கள் எல்லாரையும் சர்ச் கூடத்துக்கு வரச் சொன்னாள். இருபத்திரண்டு பேர் போனோம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள்.

"நாம பசிக்கு மட்டும் சாப்பிடறது இல்ல" என்று ஆரம்பித்தாள். "கவலைக்குச் சாப்பிடறோம், கோபத்துக்குச் சாப்பிடறோம், துக்கத்துக்குக் குடிக்கிறோம். ஒவ்வொருத்தரா மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. எப்ப சாப்பிடறீங்க, எவ்வளவு சாப்பிடறீங்க, அப்ப உடம்புல என்ன தோணுது?"

இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம். கூரையில் பல்லிகூட இல்லை. அந்த வட்டத்தில் அண்ணன் தங்கை, அக்கா தம்பி இல்லாதவர்கள் என்று எண்ணினால் நானும் பாதிரியார் மனைவியும் மட்டும்தான். அகனேசி நகரத்தில் வளர்ந்தவள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அவள் அமைதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு லெசியெலியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க அம்மா, உங்க வயிறு..." என்றாள்.

அவ்வளவுதான். லெசியெலியின் சொந்த அண்ணன் இசிலேலி அத்தான் எழுந்துவிட்டார். தங்கையின் வயிற்றைப் பற்றிய பேச்சு காதில் விழுவதற்குள் வெளியேற வேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது லெசியெலி. அவளைத் தாண்டிப் போவது அதைவிட மரியாதைக் குறைவு. ஆகவே அத்தான் ஜன்னல் வழியாகப் போக முடிவு செய்தார். அவர் நூற்று அறுபது கிலோ. ஜன்னல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வைத்தது. பாதி உடம்பு வெளியே போய் மீதி உள்ளே நின்றுவிட்டது. பெண்களெல்லாம் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். நாலு ஆண்கள் தள்ளினார்கள். ஜன்னல் சட்டமும் சேர்ந்து வந்த பிறகுதான் அத்தான் விடுதலை ஆனார்.

அகனேசி பிடிவாதக்காரி. அடுத்த வாரத்திலிருந்து ஆண்களுக்குச் செவ்வாய், பெண்களுக்குத் திங்கள் என்று பிரித்தாள். ஆண்கள் செவ்வாய்க்கிழமை வந்து, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நேராகக் கவா என்கிற மயக்கம் தரும் வேர்ச் சாறு குடிக்கப் போனார்கள். இசிலேலி அத்தான் வாரம் ஏழு நாளும் கவா வட்டத்தில் உட்காருகிறவர். அவர் மனைவி செத்து எட்டு வருஷம் ஆயிற்று. அதற்கு முன் சனிக்கிழமை மட்டும்தான் போவார். ஊர் வழக்கம் என்று சொல்லிக்கொள்வார். காலி வீட்டுக்குத் திரும்ப யாருக்குத்தான் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். எனக்கும் ஒரு சிகரெட் கதை உண்டு. அதை நீங்கள் கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம்.

பெண்கள் பக்கம் எடை பார்ப்பதில்தான் முதல் தகராறு. ஆஸ்பத்திரி தராசு நூற்றிருபதோடு நின்றுவிடும். ஆகவே ஜப்பானுக்குப் பூசணி ஏற்றுகிற கிடங்கின் மேடைத் தராசில் ஏறினோம். கிடங்குக்காரன் ஒவ்வொருத்தி ஏறும்போதும் பழக்கத்தில் "ஏற்றுமதிக்குத் தேறும்" என்று சத்தம் போட்டான். லெசியெலி மட்டும் இறங்கும்போது, "எந்தக் கப்பல்ல தம்பி ஏத்துற? சொல்லிடு, பெட்டி கட்டிடறேன்" என்றாள்.

அவள் உண்மையிலேயே பாடுபட்டாள். அதை நான் சாட்சியாகச் சொல்வேன். காலையில் என்னோடு கடற்கரை வரை நடந்தாள். ஆட்டுக் கொழுப்புச் சதையை நிறுத்தினாள். வெண்ணெயை நிறுத்தினாள். அவளுக்குத் தொழில் என்ன தெரியுமா? பள்ளிக்கூட வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்பது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன் நாலு மணி நேரம் உட்கார்ந்து ஒரு உருண்டைகூட வாயில் போட மாட்டாள். நானாக இருந்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்காது. அப்படிப்பட்டவளைத் தின்னிப்பண்டாரம் என்று யாராவது சொன்னால் நான் சும்மா விட மாட்டேன்.

திங்கள் முதல் சனி வரை இவ்வளவு கட்டுப்பாடு. மறு திங்கள் தராசில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கும். ஐந்து வாரம் இப்படியே போயிற்று. சர்க்கரையும் இறங்கவில்லை, புண்ணும் ஆறவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்ன நடக்குது?" என்றாள் அகனேசி என்னிடம் தனியாக.

"சர்ச், சாப்பாடு, தூக்கம். எல்லா வீட்லயும் நடக்கறதுதான்."

"நீங்க போய்ப் பாருங்க அக்கா."

எங்கள் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் போலீஸ் பிடிக்கும். வேவு பார்ப்பது வேலையில் சேருமா என்று யோசித்தேன். சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு விடியற்காலையில் லெசியெலி வீட்டுக்குப் போனேன்.

அவளும் அவள் புருஷன் ஃபத்தாயும் மட்டும்தான் அந்த வீட்டில். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஃபத்தாய் நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார், சாப்பிட்டதும் தூங்குவார். அவர் குழி அடுப்பில் கல்லைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். லெசியெலி லூ கட்டிக்கொண்டிருந்தாள். சேம்பிலையைக் கையில் விரித்து, டின் மாட்டிறைச்சியும் வெங்காயமும் வைத்து, தேங்காய்ப்பாலை ஊற்றி, சிந்தாமல் மடித்து வாழையிலையில் பொதிந்து கட்டுவது. ஆளுக்கு ஒரு பொட்டலம் என்பது கணக்கு. பொட்டலத்தை எண்ணினால் வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

நான் எண்ணினேன். மூன்று இருந்தது.

"எனக்குமா மதினி கட்டுறீங்க? நான் வீட்டுக்குப் போயிடுவேனே."

"உனக்கு யாருடி கட்டுனா?" என்றாள். பிறகு சட்டென்று, "யாராவது வந்தா இருக்கட்டுமேன்னு" என்றாள்.

சர்ச் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில் நான் திரும்பிப் போனேன். சமையல் கொட்டகைக்குப் பின்னால், விறகுக் கட்டையில், புண் காலை நீட்டி உட்கார்ந்து லெசியெலி மூன்றாவது பொட்டலத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை ருசித்துச் சாப்பிடவில்லை. கண் எங்கேயோ இருந்தது, கை மட்டும் போய்ப் போய் வந்தது. அது முடிந்ததும் ரொட்டியை எடுத்தாள். முழு ரொட்டி. அதற்கு வெண்ணெய் டப்பா. பிறகு மிஞ்சின சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நான் நின்றதே தெரியவில்லை.

"மதினி."

அவள் திடுக்கிட்டாள். முதலில் என்னைத் திட்டினாள். என் பிறந்த ஊரை, என் அப்பாவை, என் மூக்கை எல்லாம் திட்டினாள். நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டி முடிந்ததும், "அது சோனதானேயோடதுடி" என்றாள்.

சோனதானே அவளுடைய கடைசிப் பிள்ளை. நாலு வயதில் அவன் அத்தை நானிசே, அதாவது ஃபத்தாயின் அக்கா, ஆக்லாந்துக்கு வளர்க்கக் கூட்டிப்போய்விட்டாள். எங்களிடம் அப்பாவின் அக்காவுக்கு மேல் ஆள் கிடையாது. அவள் பாயைக் கேட்டால் பாய், பன்றியைக் கேட்டால் பன்றி, பிள்ளையைக் கேட்டால் பிள்ளை. எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். கொடுப்பது பெருமை. லெசியெலி சிரித்த முகமாகக் கொடுத்ததை ஊரே மெச்சிற்று. பத்தொன்பது வருஷத்துக்கு முன் நடந்தது அது.

"அவனைக் கூட்டிட்டுப் போன அந்த வாரம் ஞாயித்துக்கிழமை, கை தானா நாலாவது லூவைக் கட்டிடுச்சு. அப்ப பொண்ணுங்க சின்னவங்க, சர்ச் விடுதிப் பள்ளிக்கூடத்துல ஒருத்தி இருந்தா, வீட்ல மூணு பேர்தான். வெந்து வெளிய எடுத்தப்பதான் தெரிஞ்சுது, ஆள் இல்லைன்னு. என்ன பண்ணச் சொல்ற? பன்னிக்குப் போடவா? என் பிள்ளை பங்கைப் பன்னிக்குப் போடவா?"

"அதனால நீங்க சாப்பிட்டீங்க."

"நான் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் அவன் சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் அது போயிடும். போனதும் உள்ள என்னமோ பண்ணும். அதுக்கு மேல ரொட்டியை வச்சு அமுக்குவேன். ஒரு ரொட்டிக்கு அமுங்கற நாளும் உண்டு. அமுங்காத நாளும் உண்டு."

"பத்தொன்பது வருஷமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? அத்தை பிள்ளையைக் கேட்டதுக்கு அழுதேன்னா? நல்லாச் சொன்ன போ. ஊர் காறித் துப்பும்."

நான் அழுதேன். பிறகு என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. என் புத்தி வேலை செய்தால் வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். சிக்கல் அந்த மூன்றாவது பொட்டலம்தானே, அதைச் சாப்பிட வேறு ஆள் பிடித்தால் போயிற்று என்று எனக்குத் தோன்றியது. அகனேசி, "அப்படி இல்ல அக்கா, பொட்டலம் பிரச்சினை இல்ல" என்று ஏதோ சொன்னாள். சின்னப் பெண், அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆள் யார்? பெண்களுக்கு அந்த நேரம் அவரவர் வீட்டில் பரிமாறுகிற வேலை. ஊரில் உள்ள ஆண்கள் எல்லாம் லெசியெலிக்கு அண்ணன் தம்பி; அவளெதிரில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். மிஞ்சியவர் பாதிரியார். அவர் வேறு தீவுக்காரர். நான் நேராகப் போய், "ஐயா, ஞாயித்துக்கிழமை மதியம் லெசியெலி மதினி வீட்ல உங்களுக்கு ஒரு லூ இருக்கு" என்றேன். அவர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாத பாதிரியார் எங்கள் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

என் மூளையில் என்ன அடைத்திருந்ததோ. பாதிரியார் வருகிற வீட்டில் ஒரு லூவை மட்டும் வைக்க முடியுமா? மானம் என்ன ஆவது? லெசியெலி ஒரு பன்றிக்குட்டியைச் சுட்டாள். வள்ளிக்கிழங்கு, கோழி, பச்சை மீன், ஆறு லூ. பாதிரியார் எல்லாவற்றிலும் கொஞ்சம் கிள்ளி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மீதி முழுக்க வீட்டில். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி பொறாமையில் பெரிய பன்றியை அடித்து அவரைக் கூப்பிட, லெசியெலி அதைவிடப் பெரிதாக அடிக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் நடுவில் அவள் ஏழாவதாக ஒரு லூ கட்டினாள். பாதிரியாருக்கு வைத்தது பாதிரியாருக்கு. பிள்ளையுடையது பிள்ளையுடையது.

மூன்று வாரத்தில் லெசியெலி ஆறு கிலோ கூடினாள். பாதிரியார் நாலு. கிடங்குக்காரன் இப்போது சத்தம் போடவில்லை, பயந்துபோய் எடையை மட்டும் சொன்னான். புண்ணின் ஓரம் கறுத்துவிட்டது. டாக்டர் காலை எடுக்கத் தேதி குறித்தார், மறு மாதம் இரண்டாவது செவ்வாய். அகனேசி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நான் மூன்று நாள் யார் முகத்திலும் முழிக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை, சர்ச் மாநாட்டுக்காக நானிசே ஆக்லாந்திலிருந்து வந்து இறங்கினாள். கூடவே சோனதானே. இடையில் இரண்டே தடவை வந்துபோயிருக்கிறான், இரண்டும் சாவுக்கு, ஒவ்வொன்றும் மூன்று நாள். இப்போது இருபத்து மூன்று வயது, தோளெல்லாம் கட்டுமஸ்தாக இருந்தது. நானிசேயை அம்மா என்றும் லெசியெலியை லெசியெலி அம்மா என்றும் கூப்பிட்டான்.

ஞாயிறு மதியம் கூடத்தின் மேல்புறம் நல்ல பாயில் நானிசே உட்கார்ந்தாள். லெசியெலி மரியாதைப்படி வாசல் ஓரத்தில், கட்டுப் போட்ட காலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபத்தாய் நடுவில். நானும் அகனேசியும் பரிமாறினோம். இசிலேலி அத்தான் உள்ளே வரக் கூடாதென்பதால் வெளியே குழி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லெசியெலி தன் கையால் ஒரு பொட்டலத்தைப் பிரித்து மகன் முன்னால் வைத்தாள். பத்தொன்பது வருஷமாகக் கட்டியது அல்லவா.

சோனதானே குனிந்து பார்த்தான். "சாரி லெசியெலி அம்மா. நான் ஜிம்முக்குப் போறேன். தேங்காய்ப்பால், டின் கறி எல்லாம் விட்டு மூணு வருஷம் ஆச்சு. கோழி நெஞ்சுக்கறி இருந்தா குடுங்க, தோல் இல்லாம."

அவனை அங்கேயே ஓங்கி ஓர் அறை விடலாமா என்று இருந்தது. லெசியெலி சிரித்தாள். "அதுக்கென்னப்பா, இருக்கே" என்று சொல்லிக் கோழியை நகர்த்தினாள். நகர்த்திவிட்டு, அந்த லூவை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். விரல் உள்ளே போயிற்று. கண் எங்கேயோ போய்விட்டது. கொட்டகைக்குப் பின்னால் பார்த்த அதே முகம்.

"மதினி, கால்!" என்று கத்திவிட்டேன். அத்தை இருக்கிற சபையில் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி கத்தியது அந்த ஊர் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என்ன கால்?" என்றாள் நானிசே.

அகனேசிதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை அந்தக் காலை வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னாள். சோனதானே கையிலிருந்த கோழியைக் கீழே வைத்தான். நானிசே லெசியெலியைப் பார்த்து, "இப்படி ஆகற வரைக்கும் என்னத்தைத் தின்ன நீ?" என்றாள்.

"இவனோட பங்கை" என்றாள் லெசியெலி.

பிறகு நிற்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் என்னிடம் சொன்னதெல்லாம் சபையில் வந்தது. "நீங்க கேட்டீங்க மதினி. நான் சிரிச்சேன். எனக்குக் குடுக்க இஷ்டம் இல்ல. ஒரு நாளும் இஷ்டம் இல்ல. அன்னிக்கு ராத்திரியே நீங்க தங்கியிருந்த வீட்டுக் கூரையில தீ வைக்கணும் போல இருந்துச்சு. உங்க மரியாதையில மண்ணு விழ!"

ஃபத்தாய் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். வெளியே இசிலேலி அத்தான் இருமுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போகவில்லை அவர். சுவருக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார்.

நானிசேயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இடி விழும் என்று காத்திருந்தேன். வந்தது மிகச் சின்னக் குரல்.

"அட பைத்தியமே. எனக்குப் பிள்ளை இல்ல, யாரோட பிள்ளையானாலும் சரின்னுதான் வந்தேன். சித்தப்பா வீட்ல ஆறு பிள்ளைங்க, ஒண்ணைத் தரச் சொல்லிப் பேசியும் வச்சிருந்தேன். சொந்தத் தம்பி வீட்ல கேக்காம அங்க போய் வாங்கினா, எங்க பிள்ளை என்ன மட்டமான்னு நீங்க ஆயுசுக்கும் பேச மாட்டீங்களே. அதுக்குத்தான் முதல்ல இங்க கேட்டேன். சும்மா மரியாதைக்கு. நீ கொஞ்சம் முகத்தைச் சுளிச்சா எழுந்து போயிடலாம்னு செருப்பைக்கூட வெளிய போக வாகாத் திருப்பி விட்டிருந்தேன். நீ என்ன பண்ணின? சிரிச்ச. பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுத் தூக்கிட்டு வந்து என் மடியில வச்ச. நான் வேண்டாம்னு சொன்னா உனக்கு அவமானம். என்னதான் பண்ணச் சொல்ற?"

சோனதானே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப ரெண்டு பேருக்குமே நான் வேண்டாமா?" என்றான் சோனதானே. உடம்பு வளர்த்து என்ன, குரல் நாலு வயதுப் பையன் குரலாக இருந்தது.

"வாயை மூடு" என்றாள் நானிசே. "வந்த புதுசுல எட்டு மாசம் தினம் என் படுக்கையை நனைச்ச. திருப்பி அனுப்பினேனா உன்னை?" அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

லெசியெலியின் கை மறுபடி மடிக்குப் போயிற்று. அப்போது நானிசே எழுந்தாள். தன் நல்ல பாயை விட்டு, சபைக்குக் குறுக்கே நடந்து, வாசல் ஓரம் வந்து, தம்பி மனைவிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். அப்படி ஓர் அத்தை இறங்கி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. அந்தப் பொட்டலத்தை லெசியெலியின் கையிலிருந்து மெல்லப் பிடுங்கினாள்.

"அழணும்னா அழு. தின்னாத."

லெசியெலி அழுதாள். சத்தம் வெளியே போய், தெருவில் ஆள் கூடி, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து மூன்று வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குக் கொடுக்கிற பாய் வந்துவிட்டது. சாயங்கால ஆராதனைக்கு மணி அடிக்கும் வரை அழுதாள். அவள் வாயில் எதுவும் போடாமல் முழுதாக அழுததை அன்றுதான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் அகனேசி சண்டை போட்டாள். அரை மணி நேரச் சண்டை. கடைசியில் அவர் இரண்டு கால் விரலை மட்டும் எடுத்து, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். கால் இருக்குமா போகுமா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

மயக்கம் தெளிந்து லெசியெலி கண்ணைத் திறந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். சோனதானே கட்டிலின் மறுபக்கம் நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தான். அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம் போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள் என்று காத்திருந்தேன்.

"ஒரே ஒரு தடவை முகத்தைச் சுளிச்சிருந்தாப் போதும்டி ஹேய்லா" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.